வெப்பநிலை, உப்புத்தன்மை அளவீடுகளிலிருந்து வங்கக் கடல் நீரோட்டத்தைக் கணக்கிடுவது எப்படி?

சென்னையில் கடலியலோ ஓஷன் எஞ்சினியரிங்கோ படித்துக்கொண்டு, ப்ராஜெக்டுக்காக முதல்முறையாக ஆர்கோ தரவை (கடலுக்குள் தானாக இறங்கி ஏறி அளக்கும் மிதவைகளின் தரவை) திறக்கப் போகிறவர்களுக்கான கட்டுரை இது. கணக்கு நாலு வரிதான். அந்த நாலு வரிக்குள் போகும் உப்புத்தன்மை கெட்டுப்போயிருந்தாலும், ஆதார ஆழத்தை யோசிக்காமல் எடுத்திருந்தாலும், வரைபடம் மட்டும் அழகாகவே வரும். தவறான விடை தவறு மாதிரியே தெரியாது என்பதுதான் இந்த வேலையில் பெரிய சிக்கல். அதனால் ஒவ்வொரு படியிலும் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்களுக்குக் கிடைக்கப்போவது என்ன என்பதில் முதலில் தெளிவு வேண்டும். வெப்பநிலையும் உப்பும் தெரிந்தால் அடர்த்தி தெரியும். அடர்த்தி இடத்துக்கு இடம் மாறினால் ஒரே ஆழத்தில் அழுத்தமும் மாறும். அந்த அழுத்த வேறுபாட்டை, பூமி சுழல்வதால் வரும் கோரியாலிஸ் விசை சமன்செய்கிறது என்று வைத்துக்கொண்டால் நீரோட்டம் வருகிறது. இதைத்தான் ஜியோஸ்ட்ரோபிக் ஓட்டம் என்கிறோம். காற்று நேரடியாகத் தள்ளும் மேற்பரப்பு ஓட்டமோ அலைஏற்றத்தால் வரும் ஓட்டமோ இதில் வராது. அடர்த்தியிலிருந்து மட்டும் கிடைப்பது, ஆழத்துக்கு ஆழம் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பது. முழு வேகம் வேண்டுமென்றால் ஏதாவது ஓர் ஆழத்தில் வேகம் இவ்வளவு என்று வெளியிலிருந்து சொல்லியாக வேண்டும். அந்த ஆழம்தான் ஆதார ஆழம்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

எந்தத் தரவு வேண்டும் என்பதை உங்கள் கேள்விதான் முடிவு செய்யும். பருவத்துக்குப் பருவம் வங்கக் கடலின் சராசரிச் சுழற்சி எப்படி மாறுகிறது என்பது கேள்வியானால், கட்டமிட்ட மாதாந்தரத் தரவு போதும். சென்னையிலிருந்து கிழக்கே 13° அட்சக்கோட்டை வெட்டி எவ்வளவு நீர் வடக்கே போகிறது என்று கேட்டால், கரையிலிருந்து கரை வரை இடைவெளியில்லாத வெட்டுமுகம் தேவை. இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டத்தின் நவம்பர் வேகம் என்ன என்று கேட்டால், ஆர்கோவை மட்டும் நம்ப முடியாது. காரணம் ஏழாவது படியில். இந்தப் படியைத் தாண்டிக் குதித்து ஒரு ஹார்ட்டிஸ்க் நிறைய கோப்புகளை இறக்கிக்கொள்வதில் பயனில்லை.

2. தரவு, செலவு, காலம்

தரவுக்கும் மென்பொருளுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பைத்தானும், டியோஸ்-10 (கடல்நீரின் அடர்த்தி முதலியவற்றுக்கான சர்வதேச முறை) கணக்குகளுக்கான ஜிஎஸ்டபிள்யூ தொகுப்பும், ஆர்கோ கோப்புகளை இறக்கும் ஆர்கோபை தொகுப்பும் இலவசம். 8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப் போதும்.

ஆர்கோ மிதவை 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, சுமார் 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து மேலே ஏறும்போது அளக்கும். ஒவ்வொரு ஏற்றமும் ஒரு ப்ரொஃபைல். பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் உள்ள இரண்டு உலக மையங்களில் எல்லாம் கிடைக்கும். இந்திய மிதவைகளின் தரவைக் கையாள்வது ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ். ஆர்கோவுக்கு விண்ணப்பமோ அனுமதியோ வேண்டாம்.

கட்டமிட்ட தரவு வேண்டுவோருக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ரோமிக்–கில்சன் ஆர்கோ தொகுப்பு 1° கட்டத்தில், 2004 முதல் மாதாமாதம், 2,000 டெசிபார் (அழுத்த அலகு; 1 டெசிபார் ஏறக்குறைய 1 மீட்டர் ஆழம்) வரை தருகிறது. உலகக் கடல் அட்லஸ் நீண்டகாலச் சராசரியை 1°, 0.25° கட்டங்களில் தருகிறது. அட்லஸில் ஒரு பொறி உண்டு: ஆண்டுச் சராசரி 5,500 மீட்டர் வரை போகும், மாதச் சராசரி 1,500 மீட்டரோடு நின்றுவிடும். 2,000 மீட்டரை ஆதாரமாக வைத்து மாத வரைபடம் போட நினைத்தால் இங்கே முட்டும்.

கடல்மட்ட உயரத்துக்குக் கோப்பர்நிக்கஸ் கடல் சேவையிலும், காற்றுக்கு ஈரா-5 தரவுக்காக அதன் காலநிலைத் தரவுக் களஞ்சியத்திலும் தனித்தனிக் கணக்கு திறக்க வேண்டும். இரண்டும் இலவசம். ஈரா-5-க்கு உரிம நிபந்தனையை ஒருமுறை ஏற்காவிட்டால் கோரிக்கை பிழையோடு திரும்பும். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்.ஐ.ஓ.டி.) பராமரிக்கும் ஆழ்கடல் மிதவைகளின் தரவோ, இந்தியக் கப்பல்களின் சி.டி.டி. (உப்பு, வெப்பநிலை, ஆழம் அளக்கும் கருவி) தரவோ வேண்டுமென்றால் கதை வேறு. அவற்றுக்கு விண்ணப்பம் தேவைப்படலாம். ப்ராஜெக்ட் தலைப்பு, வேண்டிய இடம், காலம், பயன்பாடு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, வழிகாட்டியின் கையெழுத்தோடு துறைக் கடிதத் தாளில் முதல் வாரமே தயார் செய்துவிடுங்கள். பதில் வரும்வரை ஆர்கோவை வைத்து முழு நிரலையும் ஓட்டிப் பாருங்கள்.

காலத்தைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். ஆர்கோ தரவு மேலே வந்த ஒரு நாளுக்குள் கிடைத்துவிடும். ஆனால் அது கணினி மட்டும் பார்த்த முதல்நிலைத் தரவு. நிபுணர் பார்த்துத் திருத்திய பதிப்பு வர ஓராண்டு ஆகலாம், சில மிதவைகளுக்கு அதற்கும் மேலே. எனவே மே மாதம் தீசிஸ் கொடுக்க வேண்டியவர் கடந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு பின்னால் போங்கள்.

3. உப்புத்தன்மையைச் சலித்தெடுங்கள்

மொத்த வேலை நேரத்தில் பாதியை இந்தப் படிக்கு ஒதுக்குங்கள். வங்கக் கடலில் வெப்பநிலையை மட்டும் வைத்து எதுவும் செய்ய முடியாது. 28 டிகிரி மேற்பரப்பு நீரில் 1 டிகிரி மாறினால் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 0.33 கிலோ மாறும். உப்பு 1 அலகு மாறினால் 0.75 கிலோ மாறும். கங்கை, பிரம்மபுத்ரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் கொட்டும் கடலில் உப்பு 5 அலகு மாறுவது பெரிய விஷயமே இல்லை. அதை வெப்பத்தால் ஈடுகட்ட 11 டிகிரி வேண்டும். சென்னை–போர்ட் பிளேர் கப்பல் பாதையில் எடுத்த எக்ஸ்.பி.டி. தரவு வெப்பநிலையை மட்டுமே தரும். அதோடு சராசரி உப்பைச் சேர்த்து நீரோட்டம் போட்டால், வடகிழக்குப் பருவத்தில் எதைப் பார்க்க விரும்புகிறீர்களோ அதுவே காணாமல் போகும்.

பிழையின் அளவு எப்படியிருக்கும் என்று ஒரு கணக்கு. ஒரு மிதவையின் உப்பு உணரி மேலிருந்து கீழ்வரை 0.01 கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 மீட்டருக்கு அது டைனமிக் ஹைட்டில் (ஆதார ஆழத்திலிருந்து மேலே அடர்த்தி வேறுபாட்டைக் கூட்டிக்கொண்டு வந்தால் கிடைக்கும் அளவு) சுமார் 0.075 மீ²/வி² பிழை. பக்கத்து மிதவை 100 கி.மீ. தள்ளியிருந்தால், 13° அட்சத்தில் மேற்பரப்பு வேகத்தில் வினாடிக்கு 2.3 செ.மீ. பிழை. மொத்தப் பாய்ச்சலில் சுமார் 1.1 ஸ்வெர்ட்ரப், அதாவது வினாடிக்கு 11 லட்சம் கனமீட்டர். ஆதார ஆழத்தை 2,000 மீட்டருக்குக் கொண்டுபோனால் இந்த 1.1 என்பது 4.5 ஆகிவிடும். மூன்றாவது தசமத்தை எல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று விடாதீர்கள். இரண்டாவது தசமத்திலேயே இவ்வளவு இருக்கிறது.

செய்ய வேண்டியவை:

கோப்பின் பெயரில் முதல் எழுத்தைப் பாருங்கள். 'ஆர்' என்றால் முதல்நிலை, 'டி' என்றால் திருத்தியது. முடிந்தவரை 'டி' மட்டும் எடுங்கள். கோப்புக்குள் ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு மாறிகள் இருக்கும்: மூல மதிப்பு ஒன்று, 'அட்ஜஸ்டட்' என்று முடியும் திருத்திய மதிப்பு இன்னொன்று. வெப்பநிலை, உப்பு, அழுத்தம் மூன்றிலும் திருத்தியதையே எடுக்க வேண்டும். உப்பை மட்டும் திருத்தியதில் எடுத்துவிட்டு அழுத்தத்தை மூலத்திலிருந்து எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. தரக்குறி 1 உள்ள புள்ளிகளை வைத்துக்கொள்ளுங்கள். 2 உள்ளவற்றைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். 3, 4 வேண்டாம்.

இதோடு நிறுத்தக் கூடாது. ஒரே பகுதியின் எல்லா ப்ரொஃபைல்களையும் எடுத்து, 1,500-இலிருந்து 2,000 டெசிபார் வரை மட்டும் வெப்பநிலைக்கு எதிராக உப்பை வரையுங்கள். வங்கக் கடலின் ஆழத்தில் இந்த உறவு மெல்லிய கோடாக இருக்கும், 2,000 டெசிபாரில் உப்பு 34.8-ஐ ஒட்டி நிற்கும். அந்தக் கோட்டிலிருந்து 0.01-க்கு மேல் உப்புக் கூடிய பக்கம் விலகி, சுற்றுக்குச் சுற்று இன்னும் தள்ளிப்போகும் மிதவை ஏதாவது கண்ணில் பட்டால் அதைத் தூக்கிவிடுங்கள். சில உற்பத்தித் தொகுதிகளின் உணரிகள் வேகமாக உப்பைக் கூட்டிக்காட்டும் கோளாறு உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். திருத்திய கோப்புகளிலும் ஒன்றிரண்டு தப்பி வரும்.

மேற்பரப்பையும் கவனியுங்கள். உப்பு உணரிக்குள் அழுக்கு போகாமலிருக்க, பல மிதவைகள் 5 டெசிபாருக்கு அருகே பம்பை நிறுத்திவிடும். அதற்கு மேலே நீங்கள்தான் நிரப்ப வேண்டும். வழக்கமாக 5 மீட்டர் மதிப்பையே மேலே நீட்டுவார்கள். நவம்பரில் அந்த 5 மீட்டருக்குள் உப்பு 3 அலகு குறைவாக இருந்தால், சுமார் 1.1 செ.மீ. உயரம் விட்டுப்போகும். 100 கி.மீ.க்கு அது வினாடிக்கு 3 செ.மீ.க்கு மேல். நீட்டியதை முடிவுகளில் எழுதிவிடுங்கள்.

கப்பல் சி.டி.டி. தரவு கிடைத்தால், கூடவே மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: உணரியின் கடைசி அளவுத்திருத்தத் தாள், பாட்டில் நீரின் உப்பை ஆய்வகத்தில் அளந்த பட்டியல், நிலையக் குறிப்பேடு. குறிப்பேட்டில் நேரம் இந்திய நேரமா உலக நேரமா என்று பாருங்கள். இடத்தில் 13.30 என்றிருந்தால் அது 13 டிகிரி 30 நிமிடமா (அதாவது பதின்மூன்றரை டிகிரி), தசமத்தில் 13.3-ஆ என்று உறுதி செய்யுங்கள். அரை டிகிரியும் 0.3-ம் குழம்பினால் நிலையம் 22 கி.மீ. நகர்ந்துவிடும்.

4. அடர்த்திக்கு மாற்றுதல்

டியோஸ்-10 முறையில் வரிசை இதுதான்: கோப்பிலுள்ள நடைமுறை உப்புத்தன்மையை, அழுத்தமும் தீர்க்க–அட்சக் கோடுகளும் கொடுத்து, முழு உப்புத்தன்மையாக (அப்சல்யூட் சாலினிட்டி) மாற்ற வேண்டும். பிறகு அதைக் கொண்டு வெப்பநிலையைக் கன்சர்வேட்டிவ் வெப்பநிலையாக மாற்ற வேண்டும். ஜிஎஸ்டபிள்யூ தொகுப்பில் இரண்டுக்கும் ஒவ்வொரு கட்டளை. மதிப்புகளைக் கொடுக்கும் வரிசையில் அழுத்தத்துக்கு அடுத்தது தீர்க்கம், பிறகுதான் அட்சம். மாற்றிக் கொடுத்தால் பிழைச்செய்தி வரும் என்று காத்திருக்காதீர்கள்.

எல்லா நிலையங்களுக்கும் மாற்றாமல் விட்டால்கூட நீரோட்டத்தில் பெரிய பாதிப்பு வராது. வேறுபாடு இருபக்கமும் ஒன்றேதான், கழித்தால் போய்விடும். கேடு வருவது கலக்கும்போது. ஆர்கோவை மாற்றிவிட்டு, பக்கத்துக் கப்பல் நிலையத்தை மாற்றாமல் விட்டால், 0.165 வேறுபாடு ஒரு பக்கம் மட்டும் நிற்கும். 1,000 மீட்டருக்கு, 100 கி.மீ. இடைவெளியில், அது வினாடிக்கு 37 செ.மீ. இல்லாத நீரோட்டம்.

5. ஆதார ஆழம்

டைனமிக் ஹைட் கட்டளையில் ஆதார அழுத்தம் என்று ஒரு மதிப்பு உண்டு. பைத்தான் பதிப்பில் அதைச் சொல்லாமல் விட்டால் 0 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது கடல் மேற்பரப்பு அசையவே இல்லை என்று அர்த்தம். வேகம் மேலே பூஜ்யமாகவும் கீழே அதிகமாகவும் வந்தால் காரணத்தை இங்கே தேடுங்கள்.

வங்கக் கடலுக்கு 1,000 டெசிபார் வழக்கமான தொடக்கம். அங்கே நீர் நிற்கிறது என்பது அனுமானமே. மூன்று வழிகளில் அதைச் சோதிக்கலாம். ஒன்று, 800, 1,000, 1,500, 2,000 என்று நாலு ஆதாரத்திலும் ஓட்டி, மேற்பரப்பு வேகம் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது. அந்த மாற்றமே உங்கள் பிழைப்பட்டைக்கு முதல் மதிப்பு. இரண்டு, ஆர்கோ மிதவைகள் 1,000 மீட்டரில் 10 நாளில் நகர்ந்த தூரத்திலிருந்து கணித்த வேகங்கள்: யோமஹா, ஆண்ட்ரோ என்ற தொகுப்புகளில் தயாராகக் கிடைக்கும். இவற்றைப் பிராந்தியச் சராசரியாக எடுத்து, 1,000 டெசிபாரில் பூஜ்யத்துக்குப் பதிலாகப் போடலாம். மூன்று, செயற்கைக்கோள் கடல்மட்டத்திலிருந்து வரும் மேற்பரப்பு வேகத்தை மேலே நங்கூரமாக வைத்து, அடர்த்தி தரும் மாற்றத்தைக் கீழ்நோக்கிக் கழித்துக்கொண்டே போவது. இப்போது பலரும் செய்வது மூன்றாவதைத்தான். தேதி ஒத்துப்போக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

6. வேகம்

இரு நிலையங்களின் டைனமிக் ஹைட் வேறுபாட்டைத் தூரத்தாலும் கோரியாலிஸ் எண்ணாலும் வகுத்தால் வேகம். நிரலை நம்புவதற்கு முன் கையால் ஒருமுறை போடுங்கள். 13° வடக்கில் கோரியாலிஸ் எண் 3.28×10⁻⁵. 82° கிழக்குக்கும் 83° கிழக்குக்கும் இடையே 108.3 கி.மீ. கிழக்கு நிலையத்தில் டைனமிக் ஹைட் 0.5 மீ²/வி² கூடுதல் என்றால், வேகம் வினாடிக்கு 14 செ.மீ., வடக்கு நோக்கி. உங்கள் நிரல் இதே எண்ணைத் தர வேண்டும்.

சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் விழும் குழி: சைனுக்குள் 13-ஐ ரேடியனாக்காமல் கொடுப்பது. 13 ரேடியனின் சைன் 0.42 என்று நேர்மதிப்பாகவே வரும். குறி மாறாது, படமும் கெடாது, எல்லா வேகமும் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

திசையைச் சரிபார்க்க வடகோளத்துக்கான விதி: ஓட்டத்தின் திசையில் பார்த்து நின்றால் உயர்ந்த பக்கம் வலக்கைப் பக்கம். நவம்பரில் சென்னைக் கரையை ஒட்டி உப்புக் குறைந்த, இலேசான நீர். 30 மீட்டர் தடிப்பில் உப்பு 3 அலகு குறைந்தால் கரைப்பக்கம் 6.5 செ.மீ. உயரும். 100 கி.மீ.க்குள் அது சமமானால் வினாடிக்கு சுமார் 20 செ.மீ., தெற்கு நோக்கி. ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே, மாசி, பங்குனியில் வடக்கே என்று காசிமேட்டுக்காரர்களுக்குத் தெரிந்த ஓட்டம்தான் இது. உங்கள் படத்தில் நேர்மாறாக வந்தால் கடல் மாறிவிடவில்லை, நிலையங்களின் வரிசை மாறியிருக்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக அடுக்குங்கள்.

இணை சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். ஒரே படத்தில் மார்ச் 3-ஆம் தேதி மிதவையையும் மார்ச் 29-ஆம் தேதி மிதவையையும் இணைத்தால், இடையில் ஒரு சுழல் நகர்ந்துபோனதையும் நீரோட்டமாகக் கணக்கிடுவீர்கள். ஒற்றை இணைக்கு 5 நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நிலையங்கள் 30 கி.மீ.க்கும் நெருக்கமாக இருந்தால் உள்ளலைகளின் ஏற்றத்தாழ்வு விடையை விழுங்கிவிடும்.

7. முறை எடுபடாத இடங்கள்

சென்னைக்கு எதிரே கண்டச்சரிவு செங்குத்தானது. கரையோர நீரோட்டத்தின் வேகமான பகுதி அந்தச் சரிவை ஒட்டியே ஓடும். 2,000 மீட்டருக்கு இறங்க வேண்டிய மிதவை அங்கே அரிதாகவே இருக்கும். 1,000 மீட்டர் ஆழமே இல்லாத இடத்தில் 1,000 டெசிபாரை ஆதாரமாக வைக்க முடியாது. 1° கட்டத் தரவில் அந்த ஓட்டம் அகன்று, வேகம் குறைந்து, மழுங்கித் தெரியும். கட்டத் தரவிலிருந்து எடுத்த எண்ணைக் கரையோர நீரோட்டத்தின் வேகம் என்று எழுதவே எழுதாதீர்கள். அதற்குக் கப்பல் வெட்டுமுகமோ கிளைடரோ (நீருக்குள் தானாகச் சறுக்கிச் சென்று அளக்கும் கருவி) கடல்மட்டத் தரவோ வேண்டும். செயற்கைக்கோளும் கரையை ஒட்டிய கடைசி சில பத்து கிலோமீட்டரில் நம்பகமல்ல.

தெற்கே போகப் போகக் கோரியாலிஸ் எண் சிறுத்துக்கொண்டே வரும். 5° அட்சத்தில் அது 1.27×10⁻⁵ தான், சென்னையில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. அதே உப்புப் பிழை அங்கே இரண்டரை மடங்குக்கு மேல் வேகப்பிழையாகும். நிலநடுக்கோட்டுக்கு 3°-க்குள் இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம்.

8. மொத்தப் பாய்ச்சலைச் சமன்பார்த்தல்

13° அட்சத்தில் சென்னையிலிருந்து மியான்மர் கரை வரை சுமார் 1,900 கி.மீ. அதற்கு வடக்கே எல்லாப் பக்கமும் நிலம். ஆண்டுச் சராசரியில் உள்ளே போன நீர் வெளியே வந்தாக வேண்டும். ஆறுகள் கொண்டுவருவது ஆண்டு முழுக்கச் சேர்த்தும் 0.1 ஸ்வெர்ட்ரப் அளவே. உங்கள் கணக்கில் நிகரமாக 6 ஸ்வெர்ட்ரப் வடக்கே போகிறது என்று வந்தால், அந்த நீர் போக இடமில்லை.

உடனே ஆதாரத்தை மாற்றிவிடாதீர்கள். முதலில் காற்றின் பங்கைச் சேருங்கள். காற்று கடல்மேல் செலுத்தும் இழுவிசை (விண்ட் ஸ்ட்ரெஸ்) கிழக்கு நோக்கிச் சதுர மீட்டருக்கு 0.05 நியூட்டன் என்றால், இந்த வெட்டுமுகத்தில் எக்மன் ஓட்டம் (காற்று தள்ளும் மேற்பரப்பு ஓட்டம்) சுமார் 2.8 ஸ்வெர்ட்ரப், தெற்கு நோக்கி. ஈரா-5-இலிருந்து இந்த இழுவிசையை எடுக்கும்போது அது கூட்டுத்தொகையாக வருகிறதா என்று பாருங்கள். மணிக்கணக்குக் கோப்பில் 3,600-ஆலும், மாதச் சராசரிக் கோப்பில் 86,400-ஆலும் வகுக்க வேண்டும். பிறகு, அளவீடு எட்டாத அடிப்பகுதியையும், கரைச்சரிவுக்கும் கடைசி நிலையத்துக்கும் இடையே விட்டுப்போகும் முக்கோணத்தையும் எப்படி நிரப்பினீர்கள் என்று பாருங்கள். அந்தமான் தீவுகள் வெட்டுமுகத்தை இரண்டாகப் பிரிக்கின்றன. தீவின் இருபக்க நிலையங்களை இணைத்து ஓர் இணையாக எடுத்தால் பாறைக்குள் நீரோட்டம் ஓடும். இவ்வளவுக்குப் பிறகும் மிச்சம் இருந்தால், அதை வெட்டுமுகம் முழுக்க ஒரே சீரான வேகமாகப் பரப்பிக் கழிக்கலாம். 2,000 மீட்டர் ஆழத்துக்கு 1 ஸ்வெர்ட்ரப் மிச்சத்தைக் கழிக்க வினாடிக்கு 0.03 செ.மீ. போதும். மூன்று நாலு செ.மீ. தேவைப்பட்டால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள், ஏதோ ஒரு மிதவை இன்னும் பொய் சொல்கிறது.

ஒரு மாதத்துக்கு மட்டும் கணக்கிட்டால் இந்தச் சமன் இவ்வளவு கண்டிப்பாகப் பொருந்தாது. நிலையங்கள் வெவ்வேறு நாளில் அளந்தவை, கடலும் அந்த மாதத்துக்குள் மாறிக்கொண்டிருக்கும்.

9. அறிக்கையோடு வைக்க வேண்டியவை

ஆர்கோ மையம் மாதந்தோறும் முழுத் தரவையும் உறையவைத்து, தனி டிஓஐ எண் தருகிறது. எந்த மாதப் பதிப்பை எடுத்தீர்களோ அந்த எண்ணை இறக்கிய அன்றே குறித்துக்கொள்ளுங்கள். திருத்திய கோப்புகள் பின்னால் மாறுவதால், ஆறு மாதம் கழித்து இறக்கினால் உங்கள் எண்களே உங்களுக்குத் திரும்ப வராது. ஆர்கோ கேட்கும் நன்றியறிவிப்பு வாசகத்தை மாற்றாமல் அப்படியே போடுங்கள்.

பயன்படுத்திய ஒவ்வொரு மிதவையின் எண், சுற்று எண், தேதி, 'டி' கோப்பா 'ஆர்' கோப்பா என்ற பட்டியல் இணைப்பாகப் போக வேண்டும். நீக்கிய மிதவைகளும், நீக்கிய காரணமும் அதே பட்டியலில் இருக்கட்டும். ஆதார ஆழம், மேற்பரப்பை நீட்டிய விதம், ஜிஎஸ்டபிள்யூ பதிப்பு எண் ஆகியவை செய்முறைப் பகுதியில் வர வேண்டும். ஒவ்வொரு வேகத்துக்கும் இரண்டு பிழைகளைத் தனித்தனியாகக் கொடுங்கள்: உப்பில் 0.01 என்று வைத்து வருவது ஒன்று, ஆதாரத்தை மாற்றியதால் வந்தது ஒன்று. வைவாவில் முதல் கேள்வி பெரும்பாலும் ஆதார ஆழம் ஏன் 1,000 என்பதுதான். ஐந்தாம் படியில் ஓட்டிய நாலு ஆதாரங்களின் படத்தை ஒரே தாளில் அச்சடித்துக் கையில் கொண்டுபோங்கள்.